அதிகாரிக்கு உள்ள காப்பு அன்னமிடுபவருக்கு இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வைகாசியில் என் தம்பி மகள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரின் இரண்டாவது பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. கடைசிப் பந்தி எழுந்தபோது ஒரு அண்டா சாம்பாரும், முக்கால் தேக்சா சாதமும், கரண்டி படாத கூட்டும் பாயசமும் சமையற்கட்டில் மூடியபடியே இருந்தன. ஊர்க்கோடியில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டேன். அரை மணியில் ஆட்டோ அனுப்புகிறோம் என்றார்கள்.

மண்டப மேனேஜர்தான் தடுத்தார். "சார், அங்க ஒரு பெரியவருக்கு வயித்தால போனாக்கூட கேஸ் என் பேர்லயும் மாஸ்டர் பேர்லயும்தான் வரும். நீங்க ஊருக்குப் போயிடுவீங்க." சமையல் மாஸ்டரும் தலையாட்டினார். மூன்று மணிக்குள் அத்தனையும் கொல்லைப்புறக் குழிக்குள் போனது. சூடு ஆறாத சாம்பார் மண்ணில் விழுந்ததும் கிளம்பிய பெருங்காய வாசனை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

அன்று மேனேஜர் மேல் எனக்குக் கடும் கோபம். வீட்டுக்கு வந்து சட்டத்தைப் புரட்டிய பிறகு அந்தக் கோபம் இடம் மாறிவிட்டது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006-இன் 59-ஆம் பிரிவு, கேடான உணவை விற்பவரோடு விநியோகிப்பவரையும் சேர்த்தே குற்றவாளி ஆக்குகிறது. உயிர் போனால் குறைந்தது 7 ஆண்டு சிறை. அபராதம் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாது. 'உரிய கவனத்தோடுதான் நடந்துகொண்டேன்' என்று நிரூபித்துத் தப்ப 80-ஆம் பிரிவில் வழி உண்டு. ஆனால் அது வழக்கு வந்து, வக்கீல் வைத்து, வாய்தாவுக்கு அலைந்த பிறகு திறக்கும் வழி. மிஞ்சிய சாம்பாருக்காக யார் கோர்ட் படி ஏறுவார்?

அதே சட்டத்தின் 88-ஆம் பிரிவைப் படித்தபோதுதான் எனக்கு ஆறவில்லை. அரசும் அதிகாரிகளும் நல்லெண்ணத்தில் செய்த செயலுக்காக அவர்கள் மேல் வழக்கே தொடரக் கூடாதாம். அன்னமிடுபவருக்கு அந்தக் காப்பு இல்லை. உபரி உணவை வழங்குவதற்கென்றே 2019-இல் தனி விதிமுறைகள் வந்தன. பதிவு, லேபிள், சுகாதாரம் என்று கடமைகளை அவை வகுத்தன. ஆனால் விதிமுறைகளால் மூலச் சட்டத்தின் தண்டனையைத் தளர்த்த முடியாது.

நல்லெண்ணத்தில் உதவுபவருக்கு இப்படி ஒரு காப்பு நமக்குப் புதிதும் அல்ல. விபத்தில் அடிபட்டவரைத் தொட்டால் போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்களே எனப் பயந்த காலம் இருந்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்து, உதவிக்கு ஓடி வருபவருக்குக் காப்பு கொடுத்தார்கள். அமெரிக்காவில் நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவருக்கு 1996-லேயே சட்டக் காப்பு வந்துவிட்டது. தெரிந்தே கெட்டதைக் கொடுப்பவருக்கும் படுமோசமாக அலட்சியம் காட்டுபவருக்கும் அங்கே அது கிடையாது.

இங்கும் அந்த வரம்பு வேண்டும். முதியோர் இல்லம் குப்பைத்தொட்டி அல்ல. ஊசிப்போனதைத் தள்ளிவிடுபவரைச் சட்டம் விடக் கூடாது. சமைத்த நேரத்தை எழுதி ஒட்டி, சூடு குறையாமல் மூடி, பதிவு பெற்ற அமைப்பிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவர் மேல் வழக்கு பாயாது என்று ஒரு பிரிவு போதும். நம் எம்.பி.க்கள் கட்சி பாராமல் நாடாளுமன்றத்தில் இதைக் கேட்க வேண்டும்.

ஆவணி பிறந்தால் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். அந்தக் கொல்லைப்புறக் குழி என் தம்பி மகள் கல்யாணத்துக்கென்று வெட்டியதல்ல. சுற்றிலும் சிமென்ட் பூசி, நிரந்தரமாகவே கட்டி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர்,
கும்பகோணம்.