தவணைப் பணமும் வைத்தியர் பட்டியலும்

2025 ஒக்டோபர் 1ஆம் திகதி தொடங்கி 43 நாட்கள் அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் பல பணிகள் முடங்கிக் கிடந்தமைக்குப் பிரதான காரணம், சுகாதாரக் காப்புறுதித் தவணைப் பணத்துக்கு வழங்கப்பட்டு வந்த மேலதிக மானியத்தை நீடிப்பது தொடர்பில் இரு பெரும் கட்சிகளும் உடன்படாமையேயாகும். மாதந்தோறும் எவ்வளவு செலுத்துவது என்பதைச் சுற்றியே அந்த வாதப் பிரதிவாதங்கள் நிகழ்ந்தன. செலுத்தியவர் நோயுற்றால் எந்த வைத்தியரிடம் செல்லலாம் என்ற கேள்வி அவ்வளவாக எழவில்லை. எமது நோக்கில் முதலில் எழ வேண்டிய கேள்வி அதுவேயாகும்.

அமெரிக்கர் ஒருவர் வாங்கும் காப்புறுதி, உண்மையில் ஒரு பெயர்ப்பட்டியலுக்குள் நுழைவதற்கான அனுமதிச்சீட்டு. காப்புறுதிக் கம்பனி சில வைத்தியசாலைகளுடனும் வைத்தியர்களுடனும் பேரம் பேசி, நோயாளர்களை அனுப்புவதாகக் கூறிக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்கிறது. பட்டியல் எவ்வளவு குறுகியதோ, பேரம் பேசும் வலு பெரும்பாலும் அவ்வளவு அதிகம். தவணைப் பணமும் குறைவு. 1973இல் ஜனாதிபதி நிக்சன் கையொப்பமிட்ட சட்டம் ஊக்குவித்த எச்.எம்.ஓ. திட்டங்களில், அவசர சிகிச்சை தவிர்ந்த ஏனையவற்றுக்குப் பட்டியலுக்கு வெளியே செல்பவர் பொதுவாக முழுச் செலவையும் தாமே ஏற்கவேண்டும். பி.பி.ஓ. திட்டங்களில் வெளியே செல்லலாம். ஆனால், கூடுதலாகச் செலுத்தவேண்டும். மாகாண அரசே கட்டணத்தைச் செலுத்தும் கனடாவில் வாழும் எம்மவர்க்கு இவையெல்லாம் விநோதமாகத் தோன்றக்கூடும்.

விளம்பரங்களில் காணப்படும் உச்சவரம்பும் பட்டியலுக்கு உட்பட்டதே. 2025ஆம் ஆண்டில் தனிநபர் ஒருவர் தமது கையிலிருந்து செலுத்தவேண்டிய உச்சத்தொகை 9,200 டொலர் எனச் சட்டம் வரையறுத்திருந்தது. பட்டியலுக்கு வெளியே பெறும் சிகிச்சைக்கு அந்த வரம்பு பொருந்தாது.

வைத்தியசாலை பட்டியலில் இருந்தாலும், அங்கே மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர் பட்டியலில் இல்லாதிருக்கலாம். சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைப் பல்லாயிரம் டொலர் பற்றுச்சீட்டு தேடிவந்த கதைகள் ஏராளம். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இதற்குப் பெருமளவில் முற்றுப்புள்ளி வைத்தது. எனினும், ஹெலிகொப்டரில் ஏற்றிச் செல்லப்படும் நோயாளியைப் பாதுகாக்கும் அச்சட்டம், தெருவில் ஓடும் அம்புலன்ஸ் வண்டியை விட்டுவிட்டது. எந்த அறிவின் பயன் இதுவென்று விளங்கவில்லை.

பட்டியலே பொய்யாக இருந்தால் என் செய்வது? 2023இல் செனட் சபையின் நிதிக்குழு அலுவலர்கள், முதியோருக்கான மெடிகெயார் அட்வான்டேஜ் திட்டங்களின் பட்டியல்களிலிருந்த மனநல வைத்தியர்கள் 120 பேரைத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தனர். நூற்றுக்கு 18 அழைப்புகளில் மாத்திரமே சந்திப்புக்கு நேரம் கிடைத்தது. பிழையான இலக்கங்கள், பதிலில்லாத அழைப்புகள், புதிய நோயாளரை ஏற்காதோர் என்றவாறு எஞ்சியவை கழிந்தன. இவற்றை ஆவிப் பட்டியல்கள் என அமெரிக்கர்கள் அழைப்பதில் வியப்பில்லை. மனம் நொந்து உதவி தேடும் ஒருவர் எத்தனை முறை இலக்கங்களைச் சுழற்றிக்கொண்டிருப்பார்?

ஆகவே, திட்டமொன்றைத் தெரிவுசெய்பவர் கம்பனியின் பெயரை மாத்திரம் நம்பலாகாது. ஒரே கம்பனி பல பட்டியல்களை வைத்திருக்கும். திட்டத்தின் முழுப்பெயரைக் கூறி, வைத்தியரின் கட்டணப் பிரிவிடமே விசாரிக்கவேண்டும். பட்டியல் பக்கத்தைத் திகதியுடன் அச்சிட்டு வைத்திருப்பதும் பயன்தரும். தனியார் திட்டங்களில், தவறான பட்டியலை நம்பிச் சென்றவரிடம் உள்வட்டக் கட்டணத்துக்கு மேல் அறவிடலாகாது என அதே சட்டம் கூறுகிறது.

இத்தனை எச்சரிக்கைக்குப் பின்னரும் நிச்சயமில்லை. கம்பனிக்கும் வைத்தியசாலைக்கும் இடையிலான ஒப்பந்தம் ஆண்டின் நடுவிலும் முறியலாம். 2025 ஓகஸ்ட் மாதத்தில் உலகப் புகழ்பெற்ற ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்திய நிறுவனம் யுனைற்றட் ஹெல்த்கெயார் கம்பனியின் பட்டியலிலிருந்து வெளியேறியது. பட்டியலை மாற்றும் சுதந்திரம் அவ்விரு தரப்புக்கும் உண்டு. ஆனால், வைத்தியசாலை வெளியேறியதைக் காரணங்காட்டித் திட்டத்தை இடைநடுவில் மாற்றிக்கொள்ளும் உரிமை நோயாளிக்குப் பொதுவாக இல்லை. புற்றுநோய் சிகிச்சையின் நடுவில் இருப்பவருக்குப் பழைய வைத்தியரிடம் 90 நாட்கள் தொடரச் சட்டம் இடமளிக்கிறது. மார்ச் மாதத்தில் ஒப்பந்தம் முறிந்தால் அந்த அவகாசம் ஜூன் மாதத்துடன் முடிந்துவிடும். அரச காப்புறுதிச் சந்தையில் அடுத்த பதிவுக்காலம் நவம்பர் 1ஆம் திகதியே ஆரம்பமாகிறது. அப்போது தெரிவுசெய்யும் திட்டமும் ஜனவரியிலேயே நடைமுறைக்கு வரும்.