விதைக்கென ஒரு கனி

 

கொல்லையில் காய்க்கும் கத்தரியில் பளபளப்பான காய்களையெல்லாம் பறித்துச் சமைத்துவிடுகிறோம். செடி ஓய்ந்தபின் எஞ்சி நிற்கும் சூம்பிய காயைப் பிளந்து விதை எடுத்து வைக்கிறோம். அடுத்த பட்டத்தில் அவ்விதை முளைக்காவிட்டால் மண்ணைக் குறை கூறுகிறோம். ஆனால் பல வேளைகளில் குறை, விதை எடுத்த காயிலேயே இருக்கிறது.

காய்க்கும்போதும் கனியும்போதும் கனியை உற்றுநோக்குமாறு திருமறையின் அல்-அன்ஆம் அத்தியாயம் 99ஆம் வசனம் நம்மை அழைக்கிறது. இரு நிலைகளும் தனித்தனியே சுட்டப்படுவது சிந்திக்கத்தக்கது. பல காய்கறிகளில் உண்ணும் பருவம் வேறு. விதைக்குரிய பருவம் வேறு.

பூ கருவுற்ற நாள் முதல் தாய்ச்செடி விதைக்குள் மாவுப்பொருளையும் புரதத்தையும் எண்ணெயையும் சிறிது சிறிதாகச் சேமிக்கிறது. மண்ணிலிருந்து தலைதூக்கும்வரை இளங்கன்றுக்கு அதுவே உணவு. இச்சேமிப்பு நிறைவுறும் நிலையே விதையின் முதிர்ச்சி. அதற்கு முன் எடுத்த விதை ஈரத்தில் பருத்துத் தோன்றினாலும், உலர்ந்ததும் சுருங்கிவிடும். முளைத்தாலும் கன்று நலிந்திருக்கும். சேமித்து வைத்தால் விரைவில் முளைப்புத்திறனை இழக்கும்.

முதிர்ச்சியைக் கனியின் நிறமே பெரும்பாலும் அறிவித்துவிடுகிறது. கத்தரியும் வெள்ளரியும் நன்கு மஞ்சளிக்க வேண்டும். தக்காளியும் மிளகாயும் முழுவதும் சிவக்க வேண்டும். பாகல் பழுத்து, உள்ளே விதையைச் சுற்றிய சதை செந்நிறம் பெற வேண்டும். வெண்டையைப் பூத்த ஒரு வாரத்திற்குள் சமையலுக்குப் பறிக்கிறோம். விதைக்கோ ஏறத்தாழ ஒரு மாதம் செடியிலேயே விட்டுக் காய் பழுப்பேறி உலரும்வரை காத்திருக்க வேண்டும். பீர்க்கும் சுரையும் கொடியிலேயே காய்ந்து, குலுக்கினால் விதை ஒலிக்க வேண்டும். பரங்கியில் ஒரு விந்தை உண்டு. முற்றிய காயைப் பறித்துச் சில வாரங்கள் வைத்திருந்தால், விதைகள் அதற்குள்ளிருந்தே மேலும் முதிர்கின்றன.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. அளவுகடந்து விட்டால் வெண்டைக்காய் வெடித்து விதை சிதறும். மழையில் நனைந்தால் பூசணம் பற்றும். மிகக் கனிந்த தக்காளியில் விதை உள்ளேயே முளைத்துவிடுவதும் உண்டு.

தக்காளி விதையை அதன் கூழுடன் ஓரிரு நாட்கள் புளிக்கவிட்டுக் கழுவினால் வழுவழுப்பு நீங்கும். எவ்விதையையும் கடும் வெயிலில் இடாமல், நிழலில் நன்கு உலர்த்தி, காற்றுப்புகாத கலத்தில் வையுங்கள். விதைக்கும் முன் பத்து விதைகளை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பாருங்கள். எட்டுக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. வீரிய ஒட்டு விதையில் வளர்ந்த செடியின் விதைகள் தாய்ச்செடியின் குணத்தை அப்படியே தருவதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

கனிகள் பக்குவமடையத் தொடங்கியது வெளிப்படும்வரை அவற்றை விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தடைசெய்தார்கள். புகாரி, முஸ்லிம் நூல்களில் இது பதிவாகியுள்ளது. விளைச்சல் பாழானால் சகோதரரின் பொருளை எதற்கு ஈடாக எடுப்பது என்னும் நீதியுணர்வே அதன் அடிப்படை. அண்டை வீட்டாருக்கு நாம் விதை கொடுக்கும்போதும் இவ்வுணர்வு நம்மிடம் இருக்கட்டும். முதிராத விதையைக் கொடுத்தால் அவர் இழப்பது ஒரு பிடி விதையை மட்டுமா? ஒரு பருவத்தின் உழைப்பையும் அல்லவா!

ஆகவே, காய்ப்பு தொடங்கும்போதே நோயற்ற, செழிப்பான செடி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதன் நல்ல காய்கள் இரண்டில் நூலைக் கட்டி, இவை விதைக்கு உரியவை எனப் பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். சிறந்ததை விதைக்கு விட்டு, மற்றதை உண்பதே முறை.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களின் விளைச்சலில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.