சாம்பல் சட்டைக்கு 11 வருஷம்

வீடியோ கேமில் எவன் என்ன சட்டை போட்டா நமக்கென்ன என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். பொம்மைக்கு உடுப்பு மாட்டுகிற வேலை, வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. தோளில் துண்டு போடாதே, முழங்காலுக்குக் கீழே வேட்டியை இறக்காதே என்று சொன்ன ஊர்களிலிருந்து வந்தவங்க நாம. உடுப்புக்கு எவன் விதி எழுதுறான்னு நாம பார்க்காம வேற யார் பார்ப்பா?

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராப்ட்’டையே எடுத்துக்கொள்வோம். 2004இல் அமெரிக்காவில் வெளியானது. ஏராளமான பேர் இணையம் வழியே ஒரே கற்பனை உலகத்தில் உலவும் விளையாட்டு. அதில் கவசம் நாலு வகை (நாலுன்னதும் உங்களுக்குச் சிரிப்பு வரும்): துணி, தோல், சங்கிலி, இரும்புத் தகடு. மந்திரவாதிக்குத் துணி மட்டும்தான். தகட்டுக்காரன் எதை வேணும்னாலும் மாட்டலாம். இதுக்கு மேலே தரத்துக்கொரு நிறம். அடியில் சாம்பல், அடுத்து வெள்ளை, பிறகு பச்சை, நீலம், ஊதா, உச்சியில் ஆரஞ்சு. சாம்பலுக்கு வைத்த பெயரே ‘புவர்’. பொருளின் தரத்தைத்தான் சொன்னோம், ஆளை இல்லை என்பார்கள். சரி, இருக்கட்டும். ஆனா போட்டிருக்கிற உடுப்பைத் தூரத்தில் பார்த்தாலே ஆளோட படி தெரிஞ்சிடும்.

உடுப்பில் இருக்கும் எண்தான் பலம். எண் கூடுதலாக இருந்தால், நிறம் ஒட்டுதோ இல்லையோ, மாட்டித்தான் ஆகணும். 2007இல் விரிவாக்கம் வந்தபோது ஆளாளுக்குக் கோமாளி வேஷத்தில் திரிந்தது ஆட்டக்காரர்களிடையே பெரிய கேலி.

2011 நவம்பரில் ‘டிரான்ஸ்மாக்ரிஃபிகேஷன்’ வந்தது. பலம் புதுக் கவசத்தினுடையது, தோற்றம் பழைய கவசத்தினுடையது. விளையாட்டுக்குள் புழங்கும் தங்கத்தைக் கட்டினால் போதும். சின்ன விஷயமில்லை இது. படியையும் உடுப்பையும் சேர்த்துக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. ஆனா எதுவரைக்கும் அறுத்தான்? பச்சை வரைக்கும். சாம்பலும் வெள்ளையும் கூடாது என்றான். ஆரஞ்சுக்கும்தான் தடை. ஆனா அது நகையைப் பெட்டியில் பூட்டுவது போல. சாம்பலை விலக்கினது வேற கணக்கு.

குடியானவன் சட்டை, கந்தல் கால்சராய், சாதாரண அங்கி — இவற்றைக் கேட்டவர்களும் இருந்தார்கள். வாய்ப்புக் கிடைச்சா எல்லாரும் ராஜா உடுப்பைத்தான் கேப்பாங்கன்னு நினைக்கிறவனுக்கு இது புரியாது. 2022இல் ‘டிராகன்ஃபிளைட்’ வந்தபோதுதான் கதவு திறந்தது. 11 வருஷம்! இதே தொழிலில் இன்னொரு கம்பெனி, பெதஸ்டா, 2006 மார்ச்சில் ‘ஆப்லிவியன்’ வெளியிட்டு, அடுத்த மாதமே குதிரைக்குக் கவசம் செய்து இரண்டரை டாலருக்கு விற்றது. காசு கண்ணில் பட்டால் குதிரைக்குக்கூட உடனே உடுப்பு தயார்.

பெண் பாத்திரங்கள் கதை தனி. அதே தகடு, அதே எண். ஆண் உடம்பில் முழுக்கால் மூடும் கவசங்கள் சில, பெண் உடம்புக்குப் போனதும் ஜட்டி அளவுக்குச் சுருங்கிவிடும். இதை ஆம்பளை நான் எழுதுவதைவிட, விளையாடுகிற பெண் தோழர்கள் எழுதணும். அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.