இது பிளேனா, சப்பாத்தா?

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் பாடசாலை போகும் பிள்ளை இருந்தால் பொறுமையாகக் கடைசி வரை வாசியுங்கள்.

போன தவணை ஒரு விஞ்ஞானக் கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். எங்கே நடந்தது என்று சொல்லப் போவதில்லை, கொமென்டில் கேட்கவும் வேண்டாம். என்னிடம் தரம் 9 படிக்கும் ஒரு மாணவன் சிறகில்லாத விமானம் ஒன்றின் மாதிரியைச் செய்து வைத்திருந்தான். பிஸ்கட் பெட்டி மட்டை, பைன்டர் கம், மூக்குக்குக் கனம் கொடுக்க உள்ளே ஒட்டிய இரண்டு ரூபாய்க் குற்றி. மொத்தச் செலவு அந்த இரண்டு ரூபாயும் கம் போத்தலும்தான்.

நடுவராக வந்தவர் அதைக் கையில் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "இது பிளேனா, சப்பாத்தா மகன்?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முதலிடம் பக்கத்து மேசையில் இருந்த பயணிகள் விமானத்துக்குப் போனது. கடையில் காசு கொடுத்துச் செய்வித்தது, சிறகு நுனியில் லைட் எல்லாம் மின்னியது. அடுத்த நாள் காலை எங்கள் வகுப்பறைக் குப்பைக் கூடையில் அந்தச் 'சப்பாத்தை'க் கண்டேன்.

நடுவரைக் குறை சொல்ல வரவில்லை. பகிடிக்குச் சொன்னார், மறந்தும் இருப்பார். ஆனால் "ஏன் மகன் இதுக்குச் சிறகு இல்ல?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தப் பையன் பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசியிருப்பான். யாரும் கேட்கவில்லை. அவன் பேசாமல் விட்டதை இங்கே நான் பேசுகிறேன்.

அந்தச் சப்பாத்தின் பெயர் எம்2-எஃப்1. அமெரிக்காவின் நாசா செய்தது. ஒரு கூம்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்தால் வரும் வடிவம், பின்னால் இரண்டு செங்குத்துத் துடுப்புகள். விண்வெளியிலிருந்து திரும்பி வரும் கலம் வளிமண்டலத்தில் நுழையும்போது பயங்கரமாகச் சூடாகும். மெல்லிய சிறகு அந்தச் சூட்டில் நிற்பது கடினம். அதனால்தான் அந்தக் காலத்து அமெரிக்கக் கலங்கள் மொட்டையாக வந்து பரசூட்டில் கடலில் விழுந்தன. சிறகு இல்லாமல், உடம்பின் வடிவமே வளியில் தூக்கும் விசையைத் தந்தால் என்ன? கடலில் விழாமல் தரையில் இறக்கலாமே? கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் முடியும் என்றார்கள். ஆனால் அப்படி ஒன்றில் ஒரு மனிதனை ஏற்றிப் பறக்கவிட யாரும் முன்வரவில்லை.

கலிபோர்னியாப் பாலைவனத்தில் இருந்த நாசாவின் பறப்பு ஆராய்ச்சி நிலையத்தில் டேல் ரீட் என்று ஒரு பொறியியலாளர் இருந்தார். ஓய்வு நேரத்தில் மாதிரி விமானம் செய்து பறக்கவிடுகிற ஆள். கடதாசியில் இந்த அரைக்கூம்பைச் செய்து அலுவலக நடைபாதையில் எறிந்து பார்த்தார். பிறகு மெல்லிய பல்சா மரத்தில் ஒன்று செய்தார். தன்னுடைய ரிமோட் விமானத்தால் அதை மேலே இழுத்துச் சென்று கழற்றிவிட்டார். அது அழகாக மிதந்து வந்து இறங்கியது. அதை அவருடைய மனைவி சிறிய 8 மில்லிமீற்றர் கெமராவில் படம் பிடித்தார். ரீட் அந்தப் படத்தைக் கொண்டுபோய் மேலதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினார்.

நிலையத்தின் பணிப்பாளர் போல் பிக்கில் வொஷிங்டனைக் கேட்காமல், தன் கையிலிருந்த நிதியிலேயே அனுமதி கொடுத்தார். உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம், வெளியே ஒட்டுப்பலகை. ஓட்டைச் செய்தவர் கிளைடர் கட்டும் ஒருவர். செலவு ஏறத்தாழ 30,000 டொலர், நாசாவுக்கு அது சில்லறைக் காசு. முதலில் ஒரு பொன்டியாக் காரில் கயிறு கட்டி, காய்ந்த ஏரிப் படுக்கையில் இழுத்து எழுப்பிப் பார்த்தார்கள். நாம் பட்டம் ஏற்றுவோமே, அதே வேலைதான், கையில் நூலுக்குப் பதிலாகக் கார். 1963 ஆகஸ்ட் 16 ஆம் திகதி ஒரு டகோட்டா விமானம் அதை மேலே இழுத்துச் சென்று விட்டது. மில்ட் தொம்சன் என்ற விமானி அந்தக் 'குளியல் தொட்டி'யை ஓட்டி இறக்கினார். ஆம், அவர்களும் பகிடி பண்ணினார்கள். பறக்கும் குளியல் தொட்டி என்றுதான் அதற்குப் பெயரே வைத்தார்கள். ஆனால் ஓட்டிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு எம்2-எஃப்2, எச்எல்-10, எக்ஸ்-24 என்று வரிசையாக வந்தன. விண்வெளி ஓடத்துக்குச் சிறகு இருந்தது உண்மைதான். ஆனால் என்ஜின் உதவியில்லாமல் மிதந்து வந்து ஓடுபாதையில் குறி பார்த்து இறங்கலாம் என்ற தைரியத்தை இந்த வரிசைதான் பெரிதும் கொடுத்தது. 1981 ஏப்ரலில் கொலம்பியா அப்படித்தான் இறங்கியது.

ரீட் அந்தப் பல்சா மாதிரியைச் செய்து தன் வீட்டு அலுமாரியில் அழகாக வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திருக்காது. செய்தது பாதி வேலை. கொண்டுபோய்க் காட்டியது மற்றப் பாதி.

இந்த இடத்தில் என் குற்றத்தையும் சொல்ல வேண்டும். பதினைந்து வருடமாக நானும் இப்படியான வினோத விமானங்களைச் செய்து கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைத்திருந்தவன். பிள்ளைகள் கேட்டால் தூரத்திலிருந்து காட்டுவேன், "தொடாதீங்க, உடஞ்சிடும்" என்பேன். வரைபடங்கள் ஒரு ஃபைலில். சக ஆசிரியர் ஒருவர் இரண்டு முறை கேட்டும் "பிறகு தாரன் சேர்" என்று சொல்லிக் கொடுக்காமலே விட்டேன். ஏன் என்று இன்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. நம்மிடம் மட்டும் இருக்கிறது என்பதில் ஒரு சின்னப் பெருமை, அவ்வளவுதான்.

"ஏன் சேர் இந்த வினோதம் எல்லாம்? சாதாரண பிளேன் செய்யலாமே?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

சாதாரண பயணிகள் விமானத்தைச் செய்யும் பிள்ளை படத்தைப் பார்த்துச் செய்கிறது. சிறகு எங்கே, வால் எங்கே என்று முன்பே தெரியும். கை வேலை செய்யும், மூளைக்கு அவ்வளவு வேலை இல்லை. சஹன் மாதிரி வட்டமான விமானம் ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள், முதல் நிமிடத்திலேயே "இது எப்படி சேர் பறக்கும்?" என்று கேட்டுவிடும்.

சஹன் விமானம் என்று நான் பகிடிக்குச் சொல்லவில்லை. வி-173 என்று உண்மையாகவே ஒன்று இருந்தது. அமெரிக்கர்கள் அதைப் பறக்கும் பான்கேக் என்றார்கள். சார்ள்ஸ் சிம்மர்மன் என்பவரின் வடிவமைப்பு, மரச்சட்டமும் துணியும், 1942 நவம்பர் 23 இல் முதற்பறப்பு. சிறகின் கீழ்ப்பக்கம் வளியின் அமுக்கம் கூட, மேல்பக்கம் குறைவு. அதனால் சிறகு நுனியில் வளி கீழிருந்து மேலே சுருண்டு தப்பி ஓடும், தூக்கும் விசையில் ஒரு பங்கு அங்கே வீணாகும். அகலம் குறைந்த வட்டச் சிறகில் இந்த நட்டம் அதிகம். சிம்மர்மன் என்ன செய்தார் என்றால், இரண்டு ஓரங்களிலும் மிகப் பெரிய சுழல்விசிறிகளை வைத்து, வளி சுருளும் திசைக்கு எதிராகச் சுற்றவிட்டார். இதை நான் தரம் 10 பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் விளக்கியபோது நாலு பேருக்குத்தான் விளங்கியது. கடதாசித் தட்டில் மூக்குப் பக்கம் குற்றி ஒட்டி எறிய வைத்தபோது வகுப்பே சண்டை பிடித்தது, குற்றியை எங்கே ஒட்டுவது என்று. புவியீர்ப்பு மையம் என்ற பாடம் அன்றைக்கு முடிந்தது. (அந்தப் பெரிய விசிறிகள் மட்டையில் சுற்றாது என்பதும் உண்மை. மாதிரிக்கும் ஓர் எல்லை இருக்கிறது, அதையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.)

இன்னொன்று ஏடி-1. கத்தரிக்கோலைப் பாதி திறந்தது போல, உடம்புக்கு மேலே ஒரே நீளச் சிறகு, நடுவில் ஓர் அச்சு. மேலெழும்பும்போது சிறகு குறுக்காக நேராக இருக்கும். பறக்கும்போது 60 பாகை வரை திருப்பலாம், ஒரு நுனி முன்னுக்கு, மறு நுனி பின்னுக்கு. பார்த்தால் உடைந்துபோன விமானம் என்றுதான் நினைப்பீர்கள். 1979 டிசம்பர் 21 இல் தொடங்கி 1982 வரை 79 தடவை பறந்தது. 45 பாகைக்கு மேல் திருப்பினால் ஓட்டுவது சிரமம் என்றும் அதில்தான் தெரிந்தது. அப்படியான பயணிகள் விமானம் இன்றுவரை வரவில்லை. ஆகவே தோல்வியா? எந்தப் பாகையில் தொந்தரவு தொடங்கும் என்று கண்டுபிடித்ததைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்தச் சிறகின் எண்ணத்தைக் கொடுத்தவர் ரொபர்ட் ஜோன்ஸ். பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம் படித்துவிட்டு நின்றவர், வொஷிங்டனில் லிஃப்ட் இயக்கும் வேலை பார்த்தவர், மாலை வகுப்பில் விமானவியல் படித்து உலகப் புகழ் பெற்றவர். (பிள்ளைகளே, இதை வைத்து வீட்டில் "நானும் படிப்பை விடுறன்" என்று சண்டை பிடிக்க வேண்டாம். அவர் விட்டது பல்கலைக்கழகத்தை, கணிதத்தை அல்ல.) ஐஸ்கிரீம் குச்சி, பிரிஸ்டல் போர்ட், நடுவில் ஒரு குண்டூசி. ஏடி-1 முடிந்தது. நேராக வைத்து எறியுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எறியுங்கள். எந்த இடத்தில் அது ஒருபக்கம் உருளத் தொடங்குகிறது என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

நமது ஆட்கள் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸைப் பற்றிப் பெருமையாகப் பகிராத மாதம் இல்லை. நானும் பகிர்ந்திருக்கிறேன். ஒன்பதாம் நூற்றாண்டில் கொர்தோபாவில் இறகு கட்டிப் பறந்தார், நல்லது. ஆனால் அந்தச் சம்பவத்தை எழுதிய அல்மக்கரி கூடவே ஒன்று சொல்கிறார்: இறங்கும்போது அடிபட்டார், பறவை இறங்குவதற்கு வால் தேவை என்பதை அறியாமல் வால் வைக்காமல் விட்டார் என்று. நாம் பகிரும்போது அந்த வாலைத்தான் வெட்டிவிடுகிறோம். வகுப்பில் சொல்லிக் கொடுக்க வேண்டிய பகுதியே அதுதான். வால் இல்லாத மட்டை விமானம் ஒன்றைப் பிள்ளை எறிந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் அது விளங்கும். இப்னு ஃபிர்னாஸின் படத்தை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு, மகன் வெட்டிய மட்டையைக் குப்பை என்று கூட்டித் தள்ளுகிற வீடுகள் எத்தனை?

ஒரு தந்தை என்னிடம் நேரில் வந்து சொன்னார்: "சேர், கோபிக்க வேணாம். புள்ளட படிப்பு கெட்டுப் போகுது. ஓ/எல் கிட்டுது, இவன் மட்டை வெட்டுறான்." அவருடைய கவலை பொய்யில்லை. டியூஷனுக்கு மாதம் எவ்வளவு கட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது வாரத்தில் ஒரு மணித்தியாலம். ஒரு மணித்தியாலத்தில் கெட்டுப் போகிற படிப்பு ஏற்கனவே எங்கோ கெட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். இதை அவரிடமும் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

இன்னும் சிலருக்கு வேறு பயம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு ட்ரோன் பறக்கவிடுவதைத் தடை செய்தார்கள். அந்த நாட்களில் பிள்ளையின் ரிமோட் விளையாட்டுச் சாமானைக் கூட ஒளித்து வைத்த வீடுகளை நான் அறிவேன். பயந்ததில் பிழையில்லை. நான் சொல்வது என்ஜினோ கெமராவோ இல்லாத மட்டை. பாடசாலை மைதானத்தில், எல்லோரும் பார்க்க எறிவது.

ஆகவே கேட்கிறேன். அடுத்த முறை கண்காட்சிக்கு நடுவராகப் போகும் சகோதரர்களே, மாதிரியைச் செய்த பிள்ளையிடம் குறைந்தது மூன்று கேள்வியாவது கேட்டுவிட்டுப் புள்ளி போடுங்கள். பறக்கும் சாமான் என்றால் எறிந்து காட்டச் சொல்லுங்கள். விழுந்தால் ஏன் விழுந்தது என்று சொல்கிற பிள்ளைக்கும் புள்ளி கொடுங்கள். பொது நூலகத்தில் ஒரு தட்டு ஒதுக்கித் தந்தால் என் அலுமாரியில் உள்ள அனைத்தையும் கொண்டுவந்து வைக்கிறேன், பூட்டு வேண்டாம். உடைந்தால் உடையட்டும், உடைத்த பிள்ளை திருப்பி ஒட்டும். கடை வைத்திருப்பவர்கள் பிஸ்கட் பெட்டிகளை எரிக்காமல் எடுத்து வையுங்கள், ஆள் அனுப்புகிறேன்.

அந்தச் சப்பாத்தைக் கூடையிலிருந்து எடுத்துத் துடைத்து என் மேசையில் வைத்தேன். ஒரு துடுப்பு கழன்றிருந்தது. இரண்டு நாள் கழித்து அவன் கொப்பி வைக்க வந்தபோது பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் கம் போத்தலோடு வந்து, "சேர், மூக்கு கொஞ்சம் பாரம் கூட, அதான் சட்டென்டு குத்திச்சு. ஒரு ரூவாக் குத்தி போட்டுப் பார்ப்பமா?" என்றான். போட்டுப் பார்த்தோம். மேல்மாடி வராந்தாவிலிருந்து மாமரம் வரைக்கும் போனது. முன்பு பாதித் தூரம்தான்.

எம்2-எஃப்1, சஹன் விமானம், கத்தரிச் சிறகு மூன்றினதும் வெட்டு வரைபடங்களை ஏ4 தாளில் போட்டோகொப்பி எடுத்து வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை மைதானத்துக்கு வாருங்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள், கத்தரிச் சிறகைச் சரியாக வெட்டியது எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருவர்தான். கத்தரிக்கோல் கொண்டு வாருங்கள், கம் நான் தருகிறேன். துடுப்பை எங்கே ஒட்டுவது என்று அவன் சொல்லித் தருவான்.