பழம் புல்டோசர்களைப் பேணுதல்

பயன் தந்த பொருளைப் பயன் தீர்ந்தவுடன் மறத்தல் மாந்தர்க்கு இயல்பு. ஆயினும், மறக்கத்தக்கது இது, மறக்கலாகாதது இது எனப் பகுத்துணர்தல் கற்றோர் கடனாம். தமிழ் பயிலும் மாணவராகிய யாம் இரும்பு இயந்திரங்களைப் பற்றி எழுதப் புகுதல் கண்டு நகைப்போர் பலர். விடுதி நண்பர் எம்மைப் 'புல்டோசர்ப் புலவர்' என்றே விளிக்கின்றனர். அப்பெயரை யாம் வெறுத்திலேம். அதற்குரிய காரணத்தை இவ்விதழின் வாயிலாக அன்னார்க்கும் பிறர்க்கும் உரைக்க விழைகின்றோம்.

எம் பாட்டனார் திண்டுக்கல்லைச் சூழ்ந்த சமவெளியில் புல்டோசர் ஓட்டி வாழ்ந்தவர். இளமையில் உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் ஓட்டுநராகி, முதுமையில் ஓய்வு பெற்றவர். நான்கு ஆண்டுகளுக்கு முன், தாம் நெடுங்காலம் ஓட்டிய வண்டியைக் காட்டுவதாகக் கூறி, அது நிறுத்தப்பட்டிருந்த கிடங்கு ஒன்றின் முற்றத்திற்கு எம்மை அழைத்துச் சென்றார். ஆங்கு வண்டி இல்லை. பழைய இரும்பாக எடை போட்டு விற்றாயிற்று என்றார் காவலாளர். எண்ணெய்க் கறை படிந்த மண்ணும், செயினின் கண்ணிகளைப் பிணைக்கும் 'பின்' ஒன்றுமே அவ்விடத்தில் எஞ்சியிருந்தன. பாட்டனார் அதனை எடுத்துத் துண்டில் துடைத்து எம் கையிற் கொடுத்தார், ஒன்றும் பேசினாரல்லர். இன்று அவர் இல்லை. அவ்விரும்பு எம் மேசைமேல் உள்ளது. விற்றோரைக் குறை கூறுதல் எம் நோக்கமன்று. அவர் விதிப்படியே விற்றனர். விற்றலன்றி வேறொன்றும் எவர்க்கும் தோன்றவில்லையே என்பதுதான் எம் வருத்தம்.

இக்காலத்தார் மண் வாரும் வண்டி அனைத்தையும் 'ஜேசிபி' என்னும் ஒரே பெயரால் அழைப்பர். எனினும், சக்கரத்தில் ஓடுவது வேறு. செயினில் ஊர்வது வேறு. செயின் வண்டி தனக்குரிய பாதையைத் தானே முன்னே விரித்து, அதன்மேல் ஊர்ந்து, பின்னே அதனைத் தானே சுருட்டிக்கொள்வது. பல டன் எடையும் அகன்ற இரு பட்டைகளின்மேற் பரவுதலால், சக்கரம் புதையும் நிலத்திலும் அது புதையாது செல்லும். அமெரிக்க நாட்டில் கலிபோர்னியா மாநிலத்து ஸ்டாக்டன் நகரினரான பெஞ்சமின் ஹோல்ட் என்பார், கழிமுகத்துச் சேற்று நிலங்களில் கனத்த நீராவி வண்டிகள் அமிழக் கண்டு, சக்கரத்திற்கு மாற்றாக மரக்கட்டைகள் பதித்த செயினைப் பூட்டி, 1904 நவம்பர் 24ஆம் நாள் ஓட்டிப் பார்த்தார். அது கம்பளிப்புழுப் போல் ஊர்ந்தமையின் 'கேட்டர்பில்லர்' என்னும் பெயர் பிறந்தது. 1925இல் ஹோல்ட் நிறுவனமும் பெஸ்ட் நிறுவனமும் ஒன்றாகி அப்பெயரையே தமதாகக் கொண்டன. 1931இல் டீசலால் இயங்கும் செயின் டிராக்டரையும் செய்தன. செயின் டிராக்டரின் முகப்பில் மண் தள்ளும் பிளேடு பூட்டியதே புல்டோசர்.

அக்கால வண்டிகள் பலவற்றில், பெரிய டீசல் எஞ்சினை எழுப்புதற்கென இரு சிலிண்டர் கொண்ட சிறு பெட்ரோல் எஞ்சின் ஒன்று உடனிருக்கும். முதலில் சிறியதைக் கையாற் சுழற்றி எழுப்பி, அதன் வெப்பத்தாற் பெரியது சற்றே சூடேறியபின், அதனைக் கொண்டே பெரியதைச் சுழற்றுதல் வேண்டும். பிளேடை உயர்த்துவது கம்பிவடம். வண்டியைத் திருப்புவன இரு நெம்புகோல்கள். பாட்டனார் அச்சிறு எஞ்சினைக் 'குட்டி' என்பார். "குட்டி அழுதால்தான் தாய் எழுந்திருக்கும்" என அவர் கூறும்போது, இயந்திரமும் ஒரு குடும்பமாக எமக்குத் தோன்றும்.

இவ்வண்டிகள் நம் நாட்டிற்கு வந்த வரலாறும் அறியத்தக்கது. இரண்டாம் உலகப்போரில், அஸ்ஸாமின் லெடோவிலிருந்து பர்மாக் காடுகளின் ஊடே 1942 முதல் 1945 வரை அமைக்கப்பட்ட நெடுஞ்சாலைக்கு வழி திறந்தவை புல்டோசர்களே. போர் முடிந்தபின் அமெரிக்கப் படையினர் இந்நாட்டில் விட்டுச்சென்ற செயின் டிராக்டர்களைக் கொண்டு, 1947இல் நடுவண் அரசு மத்திய டிராக்டர் அமைப்பைத் தோற்றுவித்தது. நடு இந்தியாவில் காஸ் என்னும் நாணற்புல் ஆழ வேரோடிப் பாழாக்கிய நிலங்களை உழுது மீட்டல் அதன் பணி. மாட்டேரால் ஆகாத அவ்வேலைக்கு மேலும் இயந்திரங்கள் வாங்குதற்பொருட்டு 1949இல் உலக வங்கி 1 கோடி டாலர் கடன் வழங்கிற்று. போருக்கு வந்த இரும்பு சோற்றுக்கு உழைத்தது. 1964இல் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் தோன்றியபின் இவ்வியந்திரங்கள் நம் நாட்டிலேயே உருவாயின.

இனி எம் ஊர்ச் செய்திக்கு வருவோம். மேற்கே பழனி மலையும் தென்கிழக்கே சிறுமலையும் நிற்க, இடையே விரிந்தது திண்டுக்கல் சமவெளி. செம்மண்ணும் சரளைக் கல்லும் உடைமுள்ளும் நிறைந்த மேட்டு நிலம் ஆங்கு மிகுதி. ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடும். அத்தகைய நிலத்தைச் சமன்செய்து, சரிவுக்குக் குறுக்கே வரப்பிட்டு, நீரைத் தடுத்து நிறுத்தினாலன்றி உழவு நிலைபெறாது. இதற்கெனத் தமிழ்நாட்டு வேளாண்மைப் பொறியியல் துறை புல்டோசர்களை மணிக்கணக்கில் உழவர்க்கு வாடகைக்கு அளித்து வருகின்றது. இன்று வேடசந்தூர்ப் பக்கமும் நத்தம் பக்கமும் பேருந்திற் செல்வார் கடலையும் முருங்கையும் விளையும் வயல்களைக் காண்பர். அவற்றுட் சிலவற்றை முதன்முதற் சமன்செய்தவர் யாவர் என வினவுவார் இலர். நீரையும் நிலத்தையும் கூட்டுவித்தல் வேந்தர்க்குரிய அறம் எனப் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் உரைத்ததைப் புறநானூற்றிற் பயில்கின்றோம். அவ்வறத்தை நம் காலத்துச் செய்த கருவியைக் காணாது விடுதல் முறையோ?

எம்மை மறுப்போர் கூற்றும் வலியுடையதே. முதலாவது, இவ்வியந்திரம் ஏழையரின் கூலியைப் பறித்தது என்பர். உண்மை, நம் குளங்களையும் கண்மாய்களையும் மண்வெட்டியாலும் கூடையாலும் ஆக்கியோர் போயர் முதலிய மண்வேலைத் தொழிலாளர். நூறு பேர் பல நாள் செய்த வேலையை ஓர் இயந்திரம் விரைவில் முடித்தபோது அவர் அடுப்பில் நெருப்புக் குறைந்திருக்கும். ஆதலின், புல்டோசரைக் காட்சிக்கு வைப்போர் அதனருகே மண்வெட்டியையும் கூடையையும் வைத்தல் வேண்டும். வெற்றியை மட்டும் காட்டும் நினைவுச் சின்னம் பாதி பொய்.

இரண்டாவது, புல்டோசர் என்றால் இக்காலத்தில் வீடிடித்தலே நினைவிற்கு வரும் என்பர். இதுவும் மெய்யே. அச்சொல்லின் பிறப்பே கொடுமையினின்று வந்தது. 1870களில் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களை வாக்களிக்க விடாது அடித்து அச்சுறுத்திய செயலைக் குறித்த சொல், பின்னரே இயந்திரத்திற்குப் பெயராயிற்று. குற்றம் சாட்டப்பட்டவர் என்பதனாலேயே ஒருவர் வீட்டை இடித்தலாகாது எனவும், இடிக்குமுன் 15 நாள் அறிவிப்புத் தருதல் வேண்டும் எனவும் 2024 நவம்பர் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் பழி நெம்புகோலைப் பிடித்த கையைச் சாருமேயன்றி இரும்பைச் சாராது. ஒரே பிளேடு வரப்பும் இடும், வீடும் இடிக்கும். இடிப்பை மட்டும் கண்டு வளரும் இளையோர்க்கு வரப்பிட்ட வண்டியையும் காட்டுதல் நம் கடனன்றோ?

மூன்றாவது, பொருட்செலவு என்பர். பாட்னாவில் இடிபட்ட கலெக்டர் அலுவலக வளாகத்தில் மண்ணிற் கிடந்த பழைய நீராவிச் சாலை உருளை ஒன்று 2022இல் மீட்கப்பட்டு அந்நகர அருங்காட்சியகம் சேர்ந்தது. 1855இல் செய்யப்பட்ட நீராவி ரயில் எஞ்சினைப் பெரம்பூர்ப் பணிமனைத் தொழிலாளர் புதுப்பித்து 2010இல் மீண்டும் ஓடவிட்டனர். அமெரிக்காவில் பழம் புல்டோசர்களைச் செப்பனிட்டு ஓட்டி மகிழ்வோர் சங்கங்களே அமைத்துள்ளனர். எம் ஊர்ப் பூட்டும் நலிந்துவரும் கைத்தொழிலாயினும், 2019இல் புவிசார் குறியீடு பெற்றபின் மதிப்போடு பேசப்படுகின்றது. ஒரு வண்டியின் பழைய இரும்பு விலை எத்துணைத்து? அதனை இழந்தபின் கோடி கொடுத்தும் மீளப் பெறல் அரிது.

ஆதலின் யாம் வேண்டுவன இரண்டே. ஒன்று, மாவட்டத்திற்கு ஒரு பழம் புல்டோசரேனும் ஏலத்திற்குச் செல்லாது காக்கப்படல் வேண்டும்; அதுவும் வண்ணம் பூசிய பிணமாக நில்லாது, ஆண்டிற்கு ஒருமுறையேனும் எஞ்சின் எழுந்து ஊர்தல் வேண்டும். மற்றொன்று, தமிழ் மாணவராகிய நம் கையிலேயே உள்ளது. ஓட்டுநரும் உதவியாளரும் பட்டறைத் தொழிலாளரும் வழங்கிய சொற்கள் எந்த அகராதியிலும் ஏறாமல் அவரோடு மறைகின்றன. இவ்விடுமுறையில் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் முதிய ஓட்டுநர் ஒருவரைக் கண்டு, அவர் சொற்களையும் அவர் திருத்திய நிலங்களின் பெயர்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொணர்வோமாக. எம் பாட்டனாரிடம் யாம் கேட்டு எழுதியது 'குட்டி' முதலாகச் சில சொற்களே. இன்னும் கேட்டிருக்கலாம் என்னும் ஏக்கம் எம்மோடு நிற்க. நண்பர்காள், நும் இல்லத்து முதியோர் உள்ளபோதே கேண்மின்.