பின்கதவுக்குக் கயிறு கட்டலாமா?

பவுர்ணமி அன்று திருவண்ணாமலையைச் சுற்றிலும் கார்களும் வேன்களும் வரிசையாக நிற்கும். 14 கிலோ மீட்டர் கிரிவலம் நடந்து முடித்தவர்கள் வண்டிக்குத் திரும்புவார்கள். பின்கதவைத் தூக்கிவிட்டு, அதன் கீழேயே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரிப்பார்கள்.

சில வண்டிகளில் அந்தக் கதவு தானாக நிற்பதில்லை. மூங்கில் கழியை முட்டுக் கொடுத்திருப்பார்கள். இன்னும் சிலவற்றில் பூட்டே கிடையாது, கயிறுதான்!

ஏன் என்று கேட்டால், "சின்ன போல்ட்டுதாங்க போச்சு. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்பார்கள்.

போல்ட்டு சின்னதுதான். அது செய்யும் வேலை சின்னதா?

பின்கதவை மேலே கீல்கள் தாங்குகின்றன. இரு பக்கமும் இரண்டு உருளைகள் இருக்கும். மெக்கானிக்குகள் அதை 'டிக்கி ஷாக்' என்பார்கள். அதற்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தி அடைத்திருக்கிறார்கள். கதவைத் தூக்கி நிறுத்துவது அந்த வாயுதான். அது கசிந்தாலோ, முனையில் உள்ள பிடிப்பு உடைந்தாலோ கதவு தடாலென்று விழும். கீழே குழந்தை நின்றால் என்ன ஆகும்?

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது.

ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றின் அழுத்தம் குறையும். கதவு சரியாக மூடாமல் இருந்தால், புகைக் குழாயின் புகை அந்த இடைவெளி வழியாக உள்ளே புகும். அதில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. நிறம் இல்லை, மணம் இல்லை. முதலில் தலைவலி, பிறகு மயக்கம். அதிகமானால் உயிரே போய்விடும். பின் இருக்கையில் தூங்கிக்கொண்டு வருவது யார்? பாட்டியும் பேரப் பிள்ளைகளும்தானே!

புது வண்டிக்கு மாலை போடுகிறார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு போல்ட்டு வாங்க மட்டும் அடுத்த மாதம் வரை பொறுப்பது என்ன கணக்கோ?

பழைய வண்டி என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆம்னி வேன் உற்பத்தி 2019-ல் நின்றுவிட்டது. ஓடுகிற வண்டிகள் இன்னும் இருக்கின்றன. இத்தகைய வண்டிகளில் கீல் பொருந்தும் தகடு துருப்பிடித்திருந்தால், புது போல்ட்டு பிடிக்காது. டிங்கர் பட்டறையில் துருவை வெட்டி எடுத்து, வேறு தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஷாக்கை மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. கழற்றும்போது ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய ஷாக்கைத் துளை போடுவதும், நெருப்பில் காட்டுவதும் கூடவே கூடாது, வெடிக்கும்.

உள்பக்க அட்டையைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்தால் கவலை இல்லை. கடகடவென்று சத்தம்தான் வரும். சாவகாசமாக மாற்றலாம்.

நடுவழியில் பூட்டு உடைந்தால்? அப்போது கயிறு கட்டத்தான் வேண்டும். ஆனால் பின் இருக்கையில் யாரும் உட்காரக் கூடாது. ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்து, பக்கத்தில் இருக்கும் பட்டறை வரை மெதுவாகப் போக வேண்டும். அதற்கு மேல் ஒரு மைல்கூட வேண்டாம்.