இரத்தம் ஏற்றும் பிள்ளைகள் வளராதது ஏன்?

தலசீமியா நோயுள்ள பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். மங்களூர், விருத்தாசலம் வட்டாரத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ செல்லும் பெற்றோர், ஒருநாள் கூலியை இழந்தே விடியற்காலையில் பேருந்து ஏறுகின்றனர். இரத்தம் ஏறியதும் பிள்ளையின் வெளுத்த முகம் தெளிகிறது. கடமை முடிந்ததென எண்ணி வீடு திரும்புகின்றனர். ஆனால் பாதிதான் முடிந்திருக்கிறது.

ஒரு பை இரத்தத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உள்ளது. உடலோ நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமுக்கு மேல் அதனை வெளியேற்ற இயலாதது. எஞ்சியது கல்லீரலிலும் இதயத்திலும் சேர்வதைப் பலர் அறிவர். மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலும் அது படிகிறது என்பதை அறிந்தோர் சிலரே. அச்சுரப்பி நலிந்தால் உயரம் நின்றுவிடும்; பருவமடைதல் தள்ளிப்போகும். கணையத்தில் படிந்தால் சர்க்கரை நோய் வரும். தைராய்டு நலிந்தால் ஓயாத சோர்வு. அதன் பின்னுள்ள பாராதைராய்டு கெட்டால் கால்சியம் குறைந்து கைகால்கள் இழுக்கும். இதனைக் காற்று, கறுப்பு என்று தாயத்துக் கட்டுவோர் இன்றும் நம்மிடையே உளர். துஆச் செய்வதை யார் தடுப்பார்? கால்சியம் அளவையும் பார்த்துவிடுங்கள்.

பதினைந்து வயதாகியும் பெரியவளாகாத மகளைப் பற்றி மருத்துவரிடம்கூட வாய் திறவாத தாய்மார் உண்டு. ஆண்பிள்ளையின் நிலையோ பேச்சிலேயே வருவதில்லை. பெண்ணுக்கு 13 வயதிலும், ஆணுக்கு 14 வயதிலும் பருவ மாற்றத்தின் அறிகுறியே இல்லையெனில், ஹார்மோன் சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும். தாமதித்தால் எலும்பும் வலுவிழக்கும். தக்க சிகிச்சை பெற்று மணமுடித்துத் தாயானவர்களும் உள்ளனர். மணமகனுக்கும் தலசீமியாக் கூறு உள்ளதா என்று நிக்காஹுக்கு முன்பே பரிசோதிப்பது அவசியம். சொந்தத்தில் சம்பந்தம் செய்வோருக்கு இது இன்னும் அவசியம்.

"இன்னும் ஆளாகவில்லையே, தொழுகை எதற்கு?" என்று சிலர் வினவுகின்றனர். அடையாளம் தோன்றாவிடினும், பிறைக் கணக்கில் 15 வயது நிறைந்தால் பாலிகு என்பதே ஷாஃபி மத்ஹபின் சட்டம். நோன்பைப் பொறுத்தவரை நோயாளிக்குச் சலுகை உண்டு. சர்க்கரை நோயும் சேர்ந்திருந்தால் மருத்துவர் சொல்வதைக் கேட்டே முடிவு செய்க.

இத்தனைக்கும் தடுப்பு, சேர்ந்த இரும்பை வெளியேற்றும் மருந்துதான். முன்னர் இரவெல்லாம் வயிற்றுத் தோலுக்கடியில் செலுத்தும் டெஸ்ஃபெரல் ஊசியே கதி. 1990களின் நடுவில் டிஃபெரிப்ரோன் மாத்திரை நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. பின்னர் டிஃபெராசிராக்ஸும் வந்தது. பிள்ளை அழுகிறதே என்று இரக்கப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். இரத்தத்தில் ஃபெரிட்டின் 1000க்குக் கீழ் இருப்பது நல்லது. இரத்தம் குறைவுதானே என்று உறவினர் அன்போடு வாங்கிவரும் இரும்புச்சத்து டானிக்கை வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள்!

பத்து வயது முதல் ஆண்டுதோறும் சர்க்கரை, தைராய்டு, கால்சியம் ஆகியவற்றைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆறு மாதத்திற்கொரு முறை பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி உயரத்தைக் கோடிட்டு, தேதியையும் எழுதி வையுங்கள். கோடு நகராவிட்டால், அடுத்த முறை இரத்தம் ஏற்றச் செல்லும்போது அதனை மருத்துவரிடம் கூறுங்கள்.